வீட்டுலயே குறைஞ்ச செலவுல ஆடாத ஒர்க் பெஞ்ச்: வைஸும் கை பிரஸ்ஸும் தாங்குற மாதிரி, ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும்

நாலு கால் மேல ஒரு பலகைதானே, இதுக்கு என்ன பெரிய வழிகாட்டின்னு நினைச்சுதான் நானும் முதல் பெஞ்சை அடிச்சேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. வைஸை (பொருளை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி) மாட்டி ஒரு இரும்புத் துண்டைப் பிடிச்சு ரம்பத்தைப் போட்டதும் பெஞ்சும் ரம்பத்தோட சேர்ந்து முன்ன பின்ன போக ஆரம்பிச்சுது, பத்து நிமிஷத்துல சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பெஞ்ச் கட்டிட்டேன், கூட நாலஞ்சு பேர் கட்டும்போது பக்கத்துல நின்னும் பாத்துருக்கேன். எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணுதான்: மேல் பலகையை எவ்வளவு தடிப்பா போடலாம்னு மண்டையை உடைச்சுக்குவாங்க, ஆனா ஆட்டம் வர்றது கால்லயும் மூட்டுலயும். அதனால இதுல மேல் பலகை கடைசியிலதான் வரும்.

4 அடி நீளம், 2 அடி அகலம், ஒரே ஒரு பிளைவுட் ஷீட், ஆறு சட்டம். இவ்வளவுதான் சரக்கு.

1. முதல்ல மெஷின், அப்புறம்தான் பெஞ்ச்

பெஞ்ச்ல என்ன மாட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணாம மரக்கடைக்குப் போகாதீங்க. வைஸா, கைப்பிடியை இழுத்து பேரிங் புஷ் அழுத்தி ஏத்துற ஆர்பர் பிரஸ்ஸா, துணியில ஐலெட் வளையம் குத்துற கை பிரஸ்ஸா, எதுவா இருந்தாலும் அது கையில இருக்கணும், இல்லன்னா அதோட அடிப்பக்க அளவாவது தெரிஞ்சிருக்கணும்.

மெஷினோட அடியை ஒரு அட்டையில வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சு, போல்ட் ஓட்டை நாலையும் குறிச்சு வெட்டி எடுத்துக்குங்க. இந்த அட்டைதான் கடைசி வரைக்கும் கூட வரும். ஏன்னா போல்ட் இறங்குற இடத்துக்கு நேர் கீழ ஒரு சட்டம் குறுக்க வந்துருச்சுன்னா நட்டு போட இடமே இருக்காது. பெஞ்ச் முழுசா முடிஞ்சு ஓட்டையும் போட்டதுக்கப்புறம் இதைக் கண்டுபிடிச்சவங்க மூஞ்சியை நான் பாத்துருக்கேன்.

2. உயரத்தை உங்க உடம்புல அளங்க

எங்கயோ பாத்த அளவை அப்படியே எடுத்துக்காதீங்க. வழக்கமா போடுற செருப்பு ஷூவோட நேரா நின்னு கையை மடக்கி, தரையிலருந்து முழங்கை வரைக்கும் அளங்க. வைஸோட வாய் மேல்பக்கம் அந்த உயரத்துல வரணும், அப்பதான் அரம் போடும்போதும் ரம்பம் இழுக்கும்போதும் தோள்பட்டை தூக்காம கை நேரா போகும்.

முழங்கை 105 செ.மீ., வைஸ் உயரம் 15 செ.மீ.ன்னா பெஞ்ச் 90 செ.மீ. அதுல மேல் பலகை ரெண்டு அடுக்கு சேர்ந்து 3.6 செ.மீ., அதையும் கழிச்சா கால் நீளம் 86.4 செ.மீ. இந்தக் கடைசி கழித்தலை மறந்துட்டு வெட்டுறவங்கதான் அதிகம்.

கை பிரஸ்ஸுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. அதோட கைப்பிடி மேல போனா தோளைத் தாண்டக் கூடாது, கீழ வந்தா நீங்க குனியக் கூடாது. சும்மா இருக்கிற ஒரு மேஜையில சி கிளாம்ப் போட்டுப் பிடிச்சு, கீழ புத்தகத்தை அடுக்கி உயரத்தை ஏத்தி இறக்கி, பத்து தடவை இழுத்துப் பாருங்க. உக்காந்து வேலை பாக்குறவங்க முட்டி உள்ள போகுதான்னும் பாத்துக்குங்க.

3. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மரம்: 4க்கு 2 இன்ச் சட்டம், 8 அடி நீளத்துல ஆறு. 18 எம்.எம். பிளைவுட், 8க்கு 4 அடி ஷீட் ஒண்ணு. ஷீட்டை 4க்கு 2 அடியா நாலு துண்டு போட்டா ரெண்டு மேல் பலகைக்கு, ஒண்ணு கீழ்த்தட்டுக்கு, ஒண்ணு பின் பலகைக்கு, மிச்சமே இல்ல. கடையிலயே வெட்டித் தருவாங்கன்னா அங்கயே வெட்டிடுங்க, முழு ஷீட்டை வீட்டுல தனியா சமாளிக்கிறது பெரும்பாடு.

இரும்பு: 10 எம்.எம். தடிப்பு 100 எம்.எம். நீளத்துல உருண்டைத் தலை போல்ட் எட்டு, நட்டு, பெரிய வாஷர். 75 எம்.எம். ஸ்குரூ, 30 எம்.எம். ஸ்குரூ, 40 எம்.எம். ஸ்குரூ, எல் கிளிப் ஆறு. அப்புறம் மெஷின் மாட்ட தனியா போல்ட்.

சாமான்: ரம்பம், டிரில், மூலமட்டம் (மூலை நேரா இருக்கான்னு பாக்குற எல் வடிவ மட்டம்), ரசமட்டம் (தளம் சமமா இருக்கான்னு பாக்குறது), டேப், கிளாம்ப் குறைஞ்சது நாலு, மரத்துக்கான வெள்ளைப் பசை, கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க். கிளாம்ப் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், இல்லன்னா யார்கிட்டயாவது ஓசி வாங்குங்க. பசை காயுற வரைக்கும் ரெண்டு கையால பிடிச்சிட்டு உக்கார முடியாது. டிரில் ஓட்டும்போது கிளவுஸ் போடாதீங்க, சுத்துற பிட் துணியைப் பிடிச்சா கையையும் சேர்த்து இழுக்கும்.

4. மரம் பாத்து வாங்குறது

செலவைக் குறைக்கிறது இங்கதான். இடிச்ச வீட்டு நிலை, பழைய உத்தரம், கட்டில் சட்டம், எல்லாமே அருமையான மரம், வருஷக்கணக்கா காஞ்சது, இனிமே சுருங்காது. புது சட்டத்தைவிட பழசுதான் எனக்குப் பிடிக்கும். ஆனா உள்ள ஆணி இருக்கும். ஒரு காந்தத்தை மரம் முழுக்க ஓட்டிப் பாருங்க, ரம்பத்துப் பல்லு தப்பிக்கும்.

பேலட் மரம் (சரக்கு அடுக்கி அனுப்புற மரத் தட்டு) கிடைச்சா அதுல இருக்கிற முத்திரையைப் பாருங்க. எச்.டி. (HT)ன்னு இருந்தா சூடு பண்ணி பதப்படுத்தினது, எடுக்கலாம். எம்.பி. (MB)ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. முத்திரையே இல்லாம, எண்ணெயோ கெமிக்கலோ சிந்தின கறையோட இருந்தாலும் வேண்டாம்.

புது சட்டம்னா ஒரு முனையைக் கண்ணுக்கு நேரா வச்சு நீளவாக்குல பாருங்க. லேசா வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா சமாளிச்சுக்கலாம், முறுக்கிட்டு இருந்தா வைச்சுட்டு அடுத்ததை எடுங்க. முறுக்கினதை எந்த போல்ட்டும் நிமிர்த்தாது. கணு இருக்கிற இடம் கால்ல மூட்டு வர்ற இடத்துல விழாம பாத்துக்குங்க. வாங்கினதும் இடையில சின்னக் குச்சி வச்சு அடுக்கி ரெண்டு வாரம் நிழல்ல விடுங்க. மரம் நீளத்துல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, அகலத்துலயும் தடிப்புலயும்தான் சுருங்கும். பச்சையா போல்ட் போட்டா ரெண்டு மாசத்துல மூட்டெல்லாம் லொடலொடன்னு ஆகுறது அதனாலதான்.

5. வெட்டுறது

4க்கு 2ன்னு சொல்லிக் குடுக்கிற சட்டம் உண்மையில 4க்கு 2 இருக்காது. இழைச்சதுக்கப்புறம் சுமாரா 89க்கு 38 எம்.எம்.தான் நிக்கும். பிளைவுட் துண்டுலயும் ரம்பம் தின்னது போக 3 எம்.எம். குறையும். அதனால பேப்பர்ல போட்ட அளவை நம்பி மொத்தத்தையும் ஒரே மூச்சுல வெட்டாதீங்க, கையில இருக்கிற மரத்தை அளந்துட்டு வெட்டுங்க. நான் கீழ சொல்ற அளவு 9க்கு 4 செ.மீ. சட்டத்துக்கு, உங்களோடது வேறன்னா அதுக்கேத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்குங்க.

ரெண்டு சட்டத்துல 110 செ.மீ. துண்டு நாலு, இது நீளச் சட்டம். அடுத்த ரெண்டுல ஒவ்வொண்ணுலயும் 86.4 ரெண்டு, 38 ஒண்ணு, 15 ஒண்ணு. அஞ்சாவதுல 53.4 நாலு, 15 ஒண்ணு. ஆறாவதுல 38 நாலு, 15 ஒண்ணு. இந்த வரிசையில வெட்டினா ஆறு சட்டத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும், இஷ்டத்துக்கு வெட்டினா ஏழாவது வாங்க ஓடணும்.

கால் நாலையும் தனித்தனியா அளக்காதீங்க. நாலையும் ஒண்ணா சேர்த்து கிளாம்ப் போட்டு, மூலமட்டம் வச்சு குறுக்க ஒரே கோடு இழுத்து வெட்டுங்க. தனித்தனியா அளந்தா ஒவ்வொண்ணும் ஒரு எம்.எம். தள்ளிப்போகும், அந்த ஒரு எம்.எம்.தான் பின்னாடி தரையில டொக்கு டொக்குன்னு ஆடும்.

6. கால் செய்றது, இதுதான் முக்கியமான வேலை

ஒவ்வொரு காலும் ரெண்டு தடிப்பு. வெளிப்பக்கம் 86.4 முழுத் துண்டு. உள்பக்கம் அடியில 15 செ.மீ. துண்டு, அதுக்கு மேல ஒரு சட்டம் போற அளவுக்கு இடைவெளி, அதுக்கு மேல 53.4 துண்டு, அதுக்கும் மேல உச்சியில இன்னொரு சட்டம் உக்கார்ற இடம்.

எதுக்கு இந்த சுத்துன்னா, நீளச் சட்டம் இந்த உள்துண்டு மேல உக்காரும். பாரம் மரத்துலருந்து மரத்துக்கு இறங்கி நேரா தரைக்குப் போகும், போல்ட் சும்மா பிரியாம பிடிச்சுக்கிறதுக்கு மட்டும்தான். சட்டத்தைக் கால்ல பக்கவாட்டுல வச்சு ரெண்டு ஸ்குரூ போட்டு விட்டா மொத்த பாரமும் அந்த ஸ்குரூ மேல தொங்கும், தட்டத் தட்ட ஓட்டை பெருசாகிட்டே போகும். என் முதல் பெஞ்ச் நகர்ந்து போனது இதனாலதான்.

இடைவெளியை டேப்பால அளக்க வேண்டாம், நீளச் சட்டத்தையே நடுவுல வச்சு, கூட ஒரு கெட்டி அட்டையும் சொருகி ரெண்டு துண்டையும் ஒட்டுங்க. அட்டை எதுக்குன்னா, மரத்தை மட்டும் வச்சு இறுக்கி ஒட்டினா பின்னாடி சட்டம் உள்ள போகவே போகாது. பசை ஒட்டி கிளாம்ப் இறுக்கினதும் சட்டத்தை உருவிடுங்க, காடிக்குள்ள (அந்த இடைவெளிதான் காடி) வழிஞ்ச பசையை ஈரத்துணியால துடைச்சுடுங்க. ஒரு பையன் இதை மறந்துட்டு மறுநாள் வந்து பாத்தா அளவுக்கு வச்ச சட்டமும் காலோட சேர்ந்து ஒட்டிக்கிச்சு, உளி வச்சுதான் எடுக்க வேண்டியதாச்சு.

பசை காயுற 24 மணி நேரம் அதைத் தொடாதீங்க. ஸ்குரூவும் போடறவங்க போட்டுக்கலாம், ஆனா போல்ட் வரப்போற இடத்துல வேண்டாம், டிரில் பிட் போய் இரும்புல முட்டும்.

7. ரெண்டு ஃபிரேம்

110 செ.மீ. சட்டம் ரெண்டு, நடுவுல 38 செ.மீ. துண்டு மூணு, முனைக்கு ஒண்ணு, மையத்துல ஒண்ணு. இதே மாதிரி ரெண்டு, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. மேல் ஃபிரேமோட நடுத்துண்டை வைக்கிறதுக்கு முன்னாடி முதல்ல வெட்டின மெஷின் அட்டையை எடுத்து வச்சுப் பாருங்க, போல்ட் வழியில வந்தா துண்டைத் தள்ளி வைங்க.

75 எம்.எம். ஸ்குரூவை நேரா முறுக்கினா முனை பக்கத்துல மரம் பிளந்துக்கும். முதல் சட்டத்துல ஸ்குரூ ஃப்ரீயா போற அளவு ஓட்டை, ரெண்டாவதுல ஸ்குரூவோட நடுத்தண்டு அளவுக்கு மட்டும் ஓட்டை. ரெண்டுலயும் மரை பிடிச்சா நடுவுல இருக்கிற இடைவெளி அப்படியே நிக்கும், எவ்வளவு முறுக்கினாலும் மூட்டு நெருங்காது. முதல்தடவை ஸ்குரூ போடுறவங்க எல்லாருக்கும் இது நடக்கும், ஏன்னே புரியாம இன்னும் பலமா முறுக்கி தலையை மழுக்கிடுவாங்க.

கடைசி ஸ்குரூவை இறுக்குறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை அளங்க. ரெண்டு பக்கமும் 119.2 செ.மீ. வந்தா ஃபிரேம் சதுரமா இருக்கு. ஒரு பக்கம் கூட வந்தா அந்த நீளமான மூலை ரெண்டையும் உள்பக்கமா அழுத்தி சமமாக்கிட்டு இறுக்குங்க.

8. தலைகீழா வச்சு சேக்குறது

தரையில சமமான இடமா பாத்து மேல் ஃபிரேமைக் கவுத்து வைங்க. தலைகீழா ஏன்னா, அப்பதான் கால் உச்சியும் ஃபிரேம் மேல்பக்கமும் ஒரே தரையைத் தொடும், மேல் பலகை உக்கார்ற இடம் தானா சமமா வந்துடும்.

காலை வெளிப்பக்கமா இருந்து கொண்டு வந்து ஃபிரேம் மூலையில பொருத்துங்க, கீழ் ஃபிரேமைக் காடிக்குள்ள நுழைச்சிடுங்க, கிளாம்ப் போடுங்க, மூலமட்டம் வச்சுப் பாருங்க, அதுக்கப்புறம்தான் டிரில். ஒரு மூட்டுக்கு ஒரு போல்ட், மொத்தம் எட்டு, உருண்டைத் தலை வெளிய, நட்டு உள்ள.

பின்பக்கக் கால் ரெண்டுலயும் ஒரு விஷயம். அங்க பின் பலகை ஒட்டி வரும், போல்ட் தலை வெளிய துருத்திக்கிட்டு இருந்தா பலகை உக்காராது. அதனால முதல்ல அகல பிட்டால போல்ட் தலை அமுங்குற அளவு குழி, அதுக்கப்புறம் அதோட மையத்துல 10 எம்.எம். ஓட்டை. வரிசையை மாத்திட்டீங்கன்னா அகல பிட்டோட நடு முனைக்குப் பிடிமானமே இருக்காது, கண்டபடி ஓடி மரத்தைக் கொதறிடும்.

நட்டை இப்ப முழு பலத்தோட இறுக்காதீங்க, ஓரளவுக்குப் போதும். ரெண்டு பேர் சேர்ந்து நிமிர்த்தி வைங்க, தனியா முயற்சி பண்ணினா ஒரு கால்ல மொத்த பாரமும் விழுந்து மூட்டு நெளியும். நின்ன பிறகு ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு நட்டை இறுக்குங்க. தரை சரியில்லாம ஒரு கால் தூக்கினா அந்தக் காலுக்கு அடியில சக்கை வைங்க, மத்த மூணு காலையும் அறுக்கப் போகாதீங்க, அதுக்கு முடிவே கிடையாது.

9. கீழ்த்தட்டும் பின் பலகையும்

கீழ்த்தட்டுக்கு அளவு 110க்கு 46, நாலு மூலையிலயும் கால் போக 9க்கு 4 வெட்டு. நான் முழுப் பலகையா அழகா வெட்டி வச்சுட்டு அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தேன், எந்தப் பக்கமா நுழைச்சாலும் கால் இடிக்குது. நடுவுல ரெண்டா வெட்டிடுங்க, ஒவ்வொண்ணும் 55. ரெண்டும் சேர்ற இடத்துக்கு அடியிலதான் கீழ் ஃபிரேமோட மையத்துண்டு இருக்கு.

பின் பலகையை அலமாரி அழகுக்குன்னு நினைச்சு விட்டுடாதீங்க. நாலு சட்டத்தை நாலு மூலையில மட்டும் பிடிச்சா அது பக்கவாட்டுல சாயத்தான் செய்யும், எவ்வளவு தடிச்ச மரமா இருந்தாலும். ஒரு பலகையை அதோட முகத்துல அடிச்சுட்டா சாய வழியில்ல. 110 செ.மீ.க்கு வெட்டி பின்பக்கக் கால் ரெண்டுலயும் ஒரு சாணுக்கு ஒரு 40 எம்.எம். ஸ்குரூ போடுங்க. போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை பெஞ்சைப் பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க, போட்டதுக்கப்புறமும் தள்ளிப் பாருங்க. அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

10. மேல் பலகை

ரெண்டு துண்டுமே லேசா வளைஞ்சுதான் இருக்கும். வளைவு ரெண்டும் ஒண்ணையொண்ணு எதிர்க்குற மாதிரி திருப்பி ஒட்டினா நேராகிடும், ஒரே பக்கமா வச்சா வளைவு நிரந்தரமாகிடும்.

பசை சீக்கிரம் காஞ்சு தோல் கட்டிடும், இவ்வளவு பரப்புக்கு ஒரு ஆள் பத்தாது. ஒருத்தர் ஊத்த, ஒருத்தர் பல்லு வச்ச தகடால பரப்ப, உடனே மேல போட்டு ஓரத்துல கிளாம்ப், நடுவுல அடிப்பக்கமா இருந்து 30 எம்.எம். ஸ்குரூ. மொத்தத் தடிப்பு 36 எம்.எம்.ங்கிறதால மேல குத்திக்கிட்டு வராது. டிரில் பிட்ல அளவுக்கு ஒரு டேப் சுத்திக்குங்க, அதைத் தாண்டிப் போட்டா மேல்பக்கம் பொத்தல்.

ஃபிரேம்ல எல் கிளிப் போட்டு அடியிலருந்து பிடிங்க, பசை போட்டு ஒட்டாதீங்க. பலகை தேஞ்சா கழட்டித் திருப்பிப் போடணும்ல. முன்பக்கம் 5 செ.மீ. வெளிய நீட்டி இருக்கட்டும், கிளாம்ப் போட அது வேணும். அதுக்கு மேல நீட்டினா அங்க அடிக்கிற அடி எல்லாம் துள்ளும்.

11. வைஸ், பிரஸ் மாட்டுறது

இடம் எப்பவும் கால் பக்கத்துல. நடுவுல மாட்டினா பலகை டிரம் மாதிரி அதிரும், கால் பக்கத்துல மாட்டினா அடி நேரா தரைக்குப் போகும். அட்டையை வச்சு, கீழயும் கையை விட்டுத் தடவி, சட்டம் எங்க இருக்கு நட்டு எங்க வரும்னு பாத்துட்டு ஓட்டை போடுங்க. வைஸோட நிலையான வாய் பெஞ்ச் விளிம்பை விட ஒரு நூல் வெளிய இருக்கணும், அப்பதான் நீளமான குழாயை செங்குத்தா பிடிச்சா பெஞ்ச் இடிக்காது.

மர ஸ்குரூ இங்க சுத்தமா உதவாது. கணக்கு போட்டுப் பாருங்க: 40 செ.மீ. நீளக் கைப்பிடியை 20 கிலோ பலத்துல இழுக்கிறீங்க, போல்ட் வரிசை ரெண்டுக்கும் நடுவுல 10 செ.மீ.தான்னா, பின்வரிசையைப் பிடுங்குற இழுப்பு கிட்டத்தட்ட 80 கிலோ. ஒரு தடவை இல்ல, நாளைக்கு நூறு தடவை. அதனால மேலருந்து கீழ வரைக்கும் போற போல்ட், அடியில 6 எம்.எம். இரும்புத் தகடு. தகடு கிடைக்கலன்னா பெரிய வாஷராவது. சின்ன வாஷர் போட்டா அது பிளைவுட்டுக்குள்ளயே முங்கி இறங்கிக்கிட்டே போகும், நீங்களும் வாரத்துக்கு ஒருதடவை இறுக்கிட்டே இருப்பீங்க.

12. எடை ஏத்துங்க

கைப்பிடியைக் கீழ இழுக்கும்போது பெஞ்சோட பின்பக்கம் தூக்கப் பாக்கும். கீழ்த்தட்டுல பின்பக்கமா செங்கல்லோ மணல் மூட்டையோ அடுக்குங்க. ஒரு செங்கல் சுமாரா மூணு கிலோ, இருபது வச்சா 60 கிலோ, இதைவிட மலிவான எடை கிடைக்காது.

சொந்த சுவரா இருந்தா ரெண்டு எல் கிளாம்ப் வச்சு சுவரோட பிடிச்சுடலாம். ஓட்டை போடுறதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும், குழாய்க்கு நேரயும் டிரில் வைக்காதீங்க, வயரும் பைப்பும் அந்த வழியாத்தான் ஓடும்.

13. எண்ணெய், லைட், பிளக்

மேல் பலகைக்கு வேகவச்ச ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கோட் போதும், கால் அடியில மட்டும் நாலு கோட் குடுங்க, மரம் வெட்டுவாய் வழியாத்தான் தண்ணியை உறிஞ்சும். எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, அது காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளிய காயப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க. விளையாட்டு இல்ல இது.

லைட் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா உங்க நிழல்லதான் வேலை பாப்பீங்க, அதனால தலைக்கு முன்னாடி மேல. சுவிட்சை பெஞ்சோட முன்பக்க விளிம்புக்கு அடியில வைங்க, ஏதாவது சிக்கிக்கிட்டா ஓடுற மெஷின் மேல கையை நீட்டி அணைக்கிற நிலைமை வரக்கூடாது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஸ்பேனரை எடுத்துட்டு எட்டு நட்டையும் மறுபடி ஒரு சுத்து இறுக்குங்க. எனக்கு ஒவ்வொண்ணும் கால் சுத்து வாங்குச்சு, பின்பக்க இடது கால் மட்டும் முக்கால் சுத்து, அந்த சட்டம் மட்டும்தான் பழசு கிடைக்காம புதுசா வாங்கினது.